மேட்டுக்காடு மறுபடி காடாக

சேலத்துப் பக்கம் “காட்டுக்குப் போயிட்டு வரேன்” என்று ஒருவர் சொன்னால், சோளமோ குச்சிக்கிழங்கோ போட்டிருக்கும் தன் நிலத்துக்குப் போகிறார் என்று பொருள். மேட்டுக்காடு, கரட்டுக்காடு, சோளக்காடு என்று விளைநிலத்துக்கே காடு என்று பேர் வைத்த ஊர் இது. ஒருகாலத்தில் அந்தப் பேருக்கு ஓரளவு நியாயமும் இருந்தது. எல்லையில் கிளுவை வேலி, நடுவில் நாலைந்து வெள்வேல், கிணற்றுமேட்டில் ஒரு பனை, பனையோலையில் தூக்கணாங்குருவிக் கூடு. இப்போது அதே நிலத்தில் காம்பவுண்டுச் சுவர், கொரியன் புல்தரை, வரிசையாக ராயல் பாம், தினமும் கூட்டிப் பெருக்கிய செம்மண் முற்றம். பார்க்கத் துப்புரவாக இருக்கும். ஆனால் தையல்சிட்டு கூடு தைக்க ஓர் அகல இலை கிடைக்காது, அரணை ஒதுங்க ஓர் இடுக்கு கிடைக்காது.

இப்படி ஒரு தோட்டத்துக்கு உயிர்களைத் திரும்ப வரவழைக்க நினைப்பவர்கள் முதலில் செய்வது, நர்சரிக்குப் போய் ஐம்பது நாட்டு மரக்கன்று வாங்கி வருவது. தப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. இந்த வேலையில் நடவு கடைசி. சில பழக்கங்களை நிறுத்த வேண்டும், சில செடிகளை வேரோடு எடுக்க வேண்டும், கொஞ்சம் தண்ணீர் தேக்க வேண்டும்; அதற்குப் பிறகுதான் கன்று. வரிசை மாறினால் கன்று காயும், களை மேலேறும், இரண்டாம் வருஷம் “எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுடுங்க” என்று ஜேசிபியைக் கூப்பிடுவார்கள்.

மலை வேறு, அடிவாரம் வேறு

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, கிட்டத்தட்ட 1,500 மீட்டர். கீழே அயோத்தியாப்பட்டணம், ஓமலூர், வாழப்பாடிப் பக்கமெல்லாம் செம்மண்; ஓரிரு அடி தோண்டினால் பல இடங்களில் சரளையோ சுண்ணாம்புச் சுக்கானோ தட்டும். அதன் இயல்பான காடு முள்ளும் புதரும் புல்லும் கலந்த வெட்டவெளிக் காடு. மேலே மழை அதிகம், மூட்டம் உண்டு, மண்ணில் மக்கு உண்டு. அங்கே நிழல் காடு.

ஆகவே “நாட்டு மரங்கள்” என்று ஒரே பட்டியலை இரண்டு இடத்துக்கும் நீட்டுவது சரிப்படாது. கீழே உள்ள நிலத்தை அடர்ந்த சோலையாக்க முயல்வதும் வீண் செலவு. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்று நெருக்கி நடும் முறை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. சேலத்துச் சமவெளியில் அது ஆழ்துளைக் கிணற்றின் தயவில் நிற்கும் தோப்பாகத்தான் முடிகிறது. நிழல் மூடியதும் புல் செத்துவிடும். புல் போனால் கவுதாரி, காடை, சில்லை எதற்கும் அங்கே வேலையில்லை. இந்த மண்ணுக்கு நல்ல முன்மாதிரி கொங்குச் சீமையின் கொறங்காடுதான்: சுற்றிலும் கிளுவை, அடியில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல். மழையை மட்டும் நம்பித் தலைமுறை தலைமுறையாக நிற்கும் மேய்ச்சல் நிலம் அது.

முதலில் நிறுத்த வேண்டியவை

விளக்குமாற்றுக்கு ஓய்வு கொடுங்கள். வீட்டைச் சுற்றி நாலு மீட்டர் வரை கூட்டிக்கொள்ளலாம். அதற்கு அப்பால் விழுந்த இலை விழுந்த இடத்தில் கிடக்கட்டும். நாலு விரல் கனத்துக்குச் சருகு சேர்ந்தால்தான் அடியில் ஈரம் நிற்கும். கரையான், மண்புழு, மரவட்டை எல்லாம் அங்கே வரும். அவற்றைத் தேடித் தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டிக்கொண்டு வரும். சருகைக் குவித்துக் கொளுத்துவதில் எரு, புழு, பல்லி முட்டை எல்லாம் ஒன்றாகப் போகின்றன. “இலை கிடந்தால் கரையான் வந்து மரத்தைத் தின்னுமே” என்று கேட்பார்கள். பெரும்பாலான கரையான்களுக்குக் காய்ந்ததுதான் சாப்பாடு. சருகே இல்லாத தோட்டத்தில்தான் அவை புதுக் கன்றின் பட்டையில் கைவைக்கின்றன.

களைக்கொல்லி அடிப்பதை அடியோடு விடுங்கள். அது முதலில் கொல்வது தும்பை, நாயுருவி, குப்பைமேனி போன்ற மழைக்கால மூலிகைகளை; அவற்றின் பூவில் வாழும் சிறு தேனீக்கள் அதே வாரம் காணாமல் போகும். முதலில் திரும்பி முளைப்பது பார்த்தீனியம். பணம் கொடுத்துப் பார்த்தீனியம் வளர்ப்பது என்று இதைச் சொல்லலாம்.

மலையில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலிருந்து 1863-இல் பெடோம் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் விவரித்த கேடயவால் பாம்பு ஒன்று உண்டு. மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழு தின்னும், நஞ்சில்லாத, குட்டிபோடும் பாம்பு. வால் முனை மழுங்கித் தேய்த்துவிட்டதுபோல இருக்கும். மழை நாளில் மேலே வந்தால் குட்டி விரியன் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். சருகும் தளர்ந்த மண்ணும்தான் அதன் வீடு. ஆழமாகக் கொத்துவதும் மருந்து தெளிப்பதும் அதைப் பட்டினி போடும். காப்பிச் செடிக்கு அடியில் மண்வெட்டி போடுவதைக் குறைத்து, களையை அரிவாளால் அறுத்து அங்கேயே போடுவது காப்பிக்கும் நல்லது, பாம்புக்கும் நல்லது.

தோட்ட விளக்கு இரவு முழுக்க எரிய வேண்டியதில்லை. மின்மினி தன் இணையை வெளிச்சத்தால்தான் கண்டுபிடிக்கிறது. எல்இடி வெள்ளத்தில் அது குருடு. மஞ்சள் பல்பு, கீழ்நோக்கிய மூடி, ஒன்பது மணிக்கு மேல் அணைப்பு, இவ்வளவு போதும்.

பிடுங்க வேண்டியவை, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக

அடிவாரத்தில் சீமைக்கருவேலம், மலைச்சரிவில் உண்ணிச்செடி, எங்கும் பார்த்தீனியம், ஈரமான ஓரங்களில் சிங்கப்பூர் டெய்சி. இந்த நாலையும் அடக்காமல் மற்ற வேலை நடக்காது.

உண்ணியை வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தூரைச் சுற்றி மண்ணை விலக்கி, தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே மூன்று முதல் ஐந்து செ.மீ. ஆழத்தில் வெட்டி, எடுத்த தூரைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். துளிர்க்கும் கணு அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. அது போனால் மிச்ச வேர் தானாகச் செத்துவிடும். முதல் மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது, காய் கறுப்பதற்கு முன் செய்வது நல்லது. சீமைக்கருவேலத்துக்கும் இதே கணக்கு, ஆழம் மட்டும் அதிகம்: கடப்பாரை போட்டு ஓரடியாவது தோண்டி வேர்க்கட்டையை எடுக்க வேண்டும். தரையோடு அறுத்துவிட்டு “எடுத்தாச்சு” என்றால் அடுத்த ஆடிக்குள் புதராக நிற்கும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுத்துவிடக் கூடாது. உண்ணி கெட்ட செடிதான். ஆனால் வேறு புதரே இல்லாத நிலத்தில் கொண்டைக்குருவி கூடு வைப்பது அதில், கீரி படுப்பது அதற்கு அடியில். வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எடுங்கள். எடுத்த நிலப்பட்டையில் காரை, சூரை, சிறுகளா, ஆவாரை நட்டு, அது தலையெடுத்தபின் அடுத்த பட்டைக்குப் போங்கள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று மழைக்காலம் மரத்தடியில் உண்ணி நாற்று முளைத்துக்கொண்டே இருக்கும், பழம் தின்ற குருவி மேலே உட்கார்ந்து எச்சமிட்டது. கையால் பிடுங்கினால் வந்துவிடும்.

பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்க வேண்டும், கையுறையோடு. தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் சிலருக்கு வரும். பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் மறுபடி அதுதான். தகரை விதையை அள்ளித் தூவினால் ஓரிரு பருவத்தில் இடத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தீனியத்தை அமுக்கும்.

தண்ணீர்

ஒரு தோட்டத்தில் மிக வேகமாகப் பலன் காட்டுவது குட்டைதான். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஆழமான இடத்தில் 60 செ.மீ. போதும். நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து 1.8 மீட்டர் தூரம் சரிவாக இறங்கட்டும். அதாவது மூன்றடி போனால் ஓரடி இறக்கம். இந்தச் சரிவு இல்லாத தொட்டியில் தவளைக்குஞ்சு ஏற முடியாமல் சாகும், அணில் விழுந்து சாகும், குருவி குளிக்க இறங்காது. சிமெண்ட் தொட்டி கட்டுபவர்கள் தவறாமல் செய்யும் பிழை இது.

மண் ஒட்டாத சரளை நிலமாக இருந்தால் சில்பாலின் என்னும் கெட்டி பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். நீளத்தோடு ஆழத்தை இருமுறை கூட்டி, ஓரத்துக்கு இருபுறமும் 30 செ.மீ. சேருங்கள்: 3 + 1.2 + 0.6 = 4.8 மீட்டர். அகலத்துக்கு அதே கணக்கில் 3.8 மீட்டர். விரிப்புக்கு அடியில் 5 செ.மீ. மணல் போடாவிட்டால் இந்த ஊர்க் கல் சில்லு ஒன்று முதல் மாதமே ஓட்டை போடும். விரிப்பின் மேலும் மண் மூட வேண்டும். வெயில் பட்ட விரிப்பு ஓரிரு கோடையில் நொறுங்கும். ஏரி வண்டல் கிடைத்தால் விரிப்பே வேண்டாம், ஒரு சாண் கனத்துக்கு மிதித்து மெழுகலாம். ஆனால் அது ஒரு முறை முற்றிலும் காய்ந்து வெடித்தால் மறுபடி மெழுக வேண்டியதுதான்.

சித்திரை வெயிலில் நாளுக்கு 7 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தால் இந்தக் குட்டைக்கு 42 லிட்டர், கிட்டத்தட்ட மூன்று குடம். அதை ஊற்ற முடியாதவர்கள் குட்டையைச் சிறிதாக வெட்டலாம், அல்லது கோடையில் வற்ற விடலாம். வற்றி நிறைவதும் நம் ஊர்க் குட்டையின் இயல்புதான்.

கொசு வராதா? முதல் மாதம் வரும். குட்டையில் தட்டானின் இளம்புழுவும் நீர்ப்பூச்சிகளும் குடியேறும்வரை கொசுப்புழுவைத் தின்ன ஆளில்லை. டெங்கு பரப்பும் கொசு விரும்புவது சிரட்டை, டயர், பிரிட்ஜ் தட்டு போன்ற சின்னத் தேக்கங்களை. முதலில் அவற்றைக் கவிழ்த்து வையுங்கள். குட்டையில் வாரம் ஒருமுறை வெள்ளைக் கிண்ணத்தால் மொண்டு பாருங்கள். புழு நெளிந்தால், பக்கத்து ஏரியிலிருந்து நாலைந்து சிறு நாட்டு மீன் விடலாம். கப்பியும் கம்பூசியாவும் வேண்டாம். அவை தவளை முட்டையையும் தட்டான் புழுவையும் சேர்த்துத் தின்று, குட்டையைக் கொசுவுக்கு மட்டும் இல்லாமல் எல்லாருக்கும் வெறுமையாக்கிவிடும். ஓரத்தில் கோரையும் நீர்ப்பிரம்மியும், நடுவில் ஓர் அல்லிக் கிழங்கும் போதும். ஏரித் தண்ணீர் கொண்டுவரும்போது ஆகாயத்தாமரைத் துண்டு ஒன்றுகூட வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய திறந்த கிணறு இருந்தால் கைப்பிடிச் சுவரைச் சரிசெய்து, உள்ளே தண்ணீர்மட்டம் தொடும்படி ஒரு தடித்த தேங்காய்நார்க் கயிறோ வலையோ தொங்கவிடுங்கள். விழுந்த கீரியோ சாரையோ அதைப் பிடித்து ஏறிவிடும்.

வேலியும் நடவும்

மதில் சுவர் தவிர்க்க முடியாதென்றால் பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தரைமட்டத்தில் ஒரு சாண் சதுரத் துளை விடுங்கள். தவிர்க்க முடிந்தால் கிளுவை. கட்டைவிரல் பருமனில் நாலடிப் போத்து வெட்டி, கோடை மழை தொடங்குவதற்கு முன், இலை விடாத நேரத்தில், சாணுக்கு ஒன்றாக ஓரடி ஆழத்தில் இரண்டு வரிசையாக ஊன்ற வேண்டும். ஊன்றியபின் அன்போடு தினமும் தண்ணீர் ஊற்றுபவர்கள் போத்தை அழுகவைக்கிறார்கள். மூன்றாம் வருஷம் கிளைகளைப் பின்னிவிட்டால் ஆடு நுழையாது, தேன்சிட்டு நுழையும். அதன்மேல் கோவை, வேலிப்பருத்தி, முடக்கத்தான் தானாகப் படரும்.

மரங்களுக்குக் குழி ஒன்றரை அடி. சுக்கான் தட்டினால் கடப்பாரையால் அந்தப் படலத்தை உடைத்து இரண்டடி. மரத்துக்கு மரம் 5 மீட்டர், புதர்களுக்கு ஒன்றரை மீட்டர். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது விதைக்கு. கன்றுக்கு இங்கே ஆவணிக் கடைசி இன்னும் தோது. தென்மேற்கின் பின்மழையும் வடகிழக்கும் சேர்ந்து கிடைக்கும். முதல் கோடையில் ஐந்து நாளுக்கு ஒருமுறை பத்து லிட்டர், இரண்டாம் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதில் நிறுத்திவிடலாம். சொட்டுநீரைத் தினமும் திறந்துவிட்டால் வேர் மேலாகவே சுற்றும். குழாய் அடைத்த வாரமே மரம் வாடும்.

எதை நடுவது? அடிவாரத்தில் உசிலை, வெள்வேல், வெப்பாலை, ஆத்தி, நுணா, விளா, நாவல், புங்கன். இடம் இருந்தால் ஓர் ஆலோ இச்சியோ, வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளி. காய்த்த ஓர் இச்சி மரத்துக்குக் குக்குறுவான், குயில், மைனா, பழந்தின்னி வௌவால் எல்லாம் வருவதைப் பார்த்தால் மற்ற மரங்களை எதற்கு நட்டோம் என்று தோன்றும். பட்டுப்போன மரத்தை வீட்டின்மேல் விழாது என்றால் நிற்க விடுங்கள். அதில் துளை போடுவது மரங்கொத்தி, குடியிருக்க வருவது கிளியும் புள்ளி ஆந்தையும். பனையின் காய்ந்த மட்டையை முழுக்கச் சிரைக்க வேண்டாம், பனை உழவாரன் அதில்தான் கூடு ஒட்டும்.

பட்டாம்பூச்சிக்குத் தேன் பூ மட்டும் வைத்தால் அது விருந்தாளி. புழுவுக்கு இலை வைத்தால் குடியிருப்பவர். கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் மூன்றும் எலுமிச்சை அழகிக்கு. இளம்புழு குருவி எச்சம்போலவும், வளர்ந்தது பச்சையாகவும் இருக்கும். சமையலுக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று என இரண்டு கறிவேப்பிலை வைத்துவிட்டால் வீட்டில் சண்டை வராது. எருக்கு, வெந்தய வரியனுக்கு. சரக்கொன்றையும் ஆவாரையும் மஞ்சள் வெள்ளைப் பூச்சிகளுக்கு. ஆடுதீண்டாப்பாளையோ ஈஸ்வரமூலியோ இல்லாத தோட்டத்தில் சிவப்புடல் கொண்ட அழகிகள் முட்டையிடுவதில்லை, வேறு இலை அவற்றுக்கு ஆகாது.

கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு என்ற இரண்டு செடிகள் இந்த மாவட்டத்தில் தனியாகச் சொல்லப்பட வேண்டியவை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே நீல வரியன், கருநீல வரியன், கருப்பன் வகைப் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வலசை போகின்றன. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மேற்கே, கோடைக் கடைசியில் கிழக்கே. சேர்வராயன் அந்த வழியில் இருக்கிறது. ஆண் பூச்சிகள் இந்த இரண்டு செடிகளின் காய்ந்த தண்டிலும் காயிலும் மொய்த்து ஆல்கலாய்டு என்னும் காரச்சத்தை உறிஞ்சும். இணைசேர அதுதான் மூலப்பொருள். வாடிய தேள்கொடுக்கை “காஞ்சு போச்சு” என்று பிடுங்கிப் போடுவது, விருந்து தொடங்கும்போது பந்தியைச் சுருட்டுவது போல.

பாம்பு

தவளை வந்தால் பாம்பு வரும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பெரும்பாலும் வருவது சாரை, தண்ணீர்ப்பாம்பு, பச்சைப்பாம்பு; எலி இருந்தால் நல்லபாம்பும் கண்ணாடி விரியனும். எனவே குட்டை, விறகடுக்கு, கல்குவியல், சருகு மேடு எல்லாம் வீட்டிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி. வீட்டைச் சுற்றிய நாலு மீட்டர் வெறுந்தரை. கோழித்தீவனம் மூடிய டிரம்மில். தீவனம் சிந்தினால் எலி, எலி வந்தால் விரியன். கதவடி இடைவெளியை ரப்பர் பட்டையால் அடையுங்கள். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடம் வலிக்காமலும் இருக்கலாம். கட்டில், கொசுவலை, வெளியே போனால் டார்ச், காலில் செருப்பு.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு நேராகப் போக வேண்டும். நம்மிடம் உள்ள நஞ்சுமுறி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் உரியது. மலையில் புதரிலும் காப்பிக் கிளையிலும் இருக்கும் மூங்கில் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அந்தக் கடிக்கு வலி, வீக்கத்துக்கான சிகிச்சைதான். காப்பிப் பழம் பறிக்கையில் கிளையைக் கோலால் தட்டிவிட்டுக் கைவைப்பது இதனால்தான்.

ஏற்காட்டுத் தோட்டங்கள்

மலையில் 1820-களில் ஆட்சியர் காக்பர்ன் காப்பி கொண்டுவந்ததிலிருந்து நிழல் மரக் கணக்கு மாறத் தொடங்கியது. இன்று எங்கு பார்த்தாலும் ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக். மிளகுக்கொடி ஏற்ற வசதி, விலையும் கிடைக்கும். அதன் பூவில் தேன் உண்டு, பழம் கிடையாது. அதை ஒரேயடியாக வெட்டினால் காப்பி கருகும். இரண்டு ஓக்குக்கு நடுவே ஒரு அத்தி, நாவல், சந்தன வேம்பு அல்லது பலா நட்டு, அது ஏழெட்டு வருஷத்தில் நிழல் பிடித்தபின் ஓக்கைக் குறையுங்கள். மலையில் மரம் வெட்டுமுன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது அவசியம். பழைய மரத்தின் பாசியைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், ஆர்க்கிட் ஒட்டுவது அந்தப் பாசியில். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா ஏற்காட்டில் அமைந்தது சும்மா இல்லை.

காட்டெருமை நடமாடும் எஸ்டேட்டில் அதன் தடத்தின் குறுக்கே முள்கம்பி கட்டினால் கம்பிதான் போகும். கட்டியவருக்கு ஆபத்து வேறு. தடத்தை விட்டுவிட்டு, காய்கறிப் பாத்தியை மட்டும் வீட்டோடு ஒட்டி வைப்பது மேல். குரங்குக்குச் சோறு போடாதீர்கள், மக்குக்குழியை மூடி வையுங்கள்.

குருவி எச்சத்தில் தானாகச் சந்தனக் கன்று முளைப்பது இரண்டு இடத்திலும் நடக்கும். பயந்துகொண்டு பிடுங்க வேண்டியதில்லை. பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்று 2002-இல் தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. வெட்டத்தான் வனத்துறை அனுமதி வேண்டும்.

முதல் வருஷம்

பார்க்க நன்றாக இருக்காது. இடுப்பளவு நாயுருவி, காய்ந்த புல், ஓட்டை இலை. “என்னங்க, புதர் மண்டிக் கெடக்குது?” என்று பக்கத்துக் காட்டுக்காரர் கேட்பார். ரோட்டோரம் ஒரு மீட்டர் பட்டையையும் நடைபாதையையும் மட்டும் ஒழுங்காக அறுத்து வைத்தால் அந்தப் பேச்சு பாதி குறையும். இது கவனிப்பாரற்ற நிலமில்லை என்று அந்தப் பட்டை சொல்லிவிடும்.

புல்லை வருஷத்துக்கு ஒருமுறை, விதை உதிர்ந்தபின் தை மாதத்தில், அரிவாளால் அறுங்கள். ஒரு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் பூச்சி முட்டைக்கும் காடைக்கும். கரடை ஒட்டிய நிலமானால் அந்த மூன்றில் ஒரு பங்கு கரட்டுப் பக்கமாக, நாலு மீட்டர் அகலத்தில் மண் தெரியும்படி இருக்கட்டும். மாசி முதல் வைகாசி வரை மலைச்சரிவில் தீப்பிடித்தால் அது நிற்பது அந்தப் பட்டையில். அறுத்த புல்லை மாட்டுக்குக் கொடுத்துவிடலாம். ஆட்டை மட்டும் மூன்று வருஷத்துக்கு உள்ளே விடாதீர்கள்.